மாமியாரைச் சாக்கு சொன்ன நாட்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வெளிநாடு போகிறாள் என்று தெரிந்தால், உடை மாற்றும் அறையில் எல்லோரும் முதலில் கேட்பது எந்த நாடு, என்ன சம்பளம் என்பதுதான். நான் மட்டும் “யாருக்காகப் போற?” என்று கேட்பேன். அதனால் எனக்கு அங்கே சி.ஐ.டி. என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும். சம்பளத்தைக் கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்தான் வரும். யாருக்காக என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை.

வத்தல்மலையிலிருந்து வந்த ஒரு பெண் ஓமனுக்குக் கிளம்பினாள். அப்பா அம்மாவுக்காக என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். “யாருக்காவவும் இல்லீங்கக்கா, எல்லார்கிட்ட இருந்தும் தப்பிக்கத்தான்” என்றாள். மலையிலிருந்து தருமபுரிக்கு வைத்தியத்துக்கு இறங்குகிற அத்தனை பேரும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் ஆஸ்பத்திரி கேட்டுக்குள் நுழைவார்கள். சீட்டு போடுவது, டாக்டரிடம் காட்டுவது, சாயங்காலம் பஸ் ஏற்றிவிடுவது எல்லாம் அவள் தலையில். முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டால் யாரும் தேட மாட்டார்கள் என்று கணக்குப் போட்டாள். போய்ச் சேர்ந்த பிறகு என்ன நடந்தது தெரியுமா? அங்கிருந்து எனக்கு போன் வரும். “அக்கா, எங்க பெரியப்பா ஒருத்தர் மலையில இருந்து எறங்கியிருக்காரு. காது கேக்காது. கொஞ்சம் கூட நின்னு பாத்து அனுப்புங்க.”

இண்டூரிலிருந்து வருகிற இன்னொருத்திக்கு அயர்லாந்து வேலை கூடி வந்தது. கடைசி நேரத்தில் நின்றுவிட்டாள். காரணம் அவள் வீட்டு மாடு. அவள் கை பட்டால்தான் பால் சுரக்கும், மற்றவர் கிட்டப் போனால் உதைக்கும். “புருசனக் கூடப் பழக்கி வுட்டுட்டுப் போயிடலாம் போல இருக்குது, இந்த மாட்டப் பழக்க முடியல” என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் வார்டு இன்சார்ஜ் வந்து கதவைத் தட்டினார். ஆனால் அவள் சொன்னது விளையாட்டு இல்லை. மாட்டைச் சொல்லும்போது அவள் முகம் பிள்ளையைச் சொல்கிற முகமாக இருந்தது.

இப்படி ஊரார் கதையெல்லாம் கேட்டுவைத்திருந்தவளிடம் ஒருநாள் அதே கேள்வி திரும்பியது. நானும் ஜெர்மன் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் போனை வைத்துக்கொண்டு ஆன்லைன் வகுப்பு. அங்கே வேலைக்கு ஏற்பாடு செய்கிற ஏஜென்சி பெங்களூரில் இருந்தது. தேர்வும் எழுதித் தேறிவிட்டேன். “போறீங்களா, நிக்கிறீங்களா? யாருக்காக?” என்று மாட்டுக்காரி கேட்டாள். என் பதில் தயாராக இருந்தது. “எங்க அத்தைய வுட்டுட்டு எப்படிம்மா போறது?”

அத்தை என்றால் என் மாமியார். மாரண்டஹள்ளியில் எங்கள் வீடு. அத்தைக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் மட்டும் கொஞ்ச நாளில் திரும்பி வந்தது, முன்னைவிட வேகமாக. பிறந்த வீடு தளிப் பக்கம், கன்னடம் பேசுகிற குடும்பம். சாதாரணமாகத் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் கன்னடம். கன்னடம் கேட்டால் நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கிக்கொள்வோம்.

வீட்டுக்காரருக்குக் காய்கறி மண்டியில் வேலை. விடியும் முன் போனால் மத்தியானச் சோற்றுக்கு வருவார். அவர் இல்லாத நேரம் நான் வீட்டில் இருக்க வேண்டும் என்று எப்போதும் மத்தியான ட்யூட்டியே கேட்டு வாங்குவேன். அத்தையைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, கை கால்களுக்குப் பயிற்சி கொடுத்து, கஞ்சி ஊட்டி, சாயங்கால மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அவருக்கு மிச்சம் இருப்பது மாத்திரை கொடுப்பதும் சோறு கொடுப்பதும்தான். முதுகின் கீழே வந்திருந்த படுக்கைப் புண்ணை நானே ஆற்றினேன். எங்கள் வார்டில்கூட அவ்வளவு பெரிய புண் அவ்வளவு சுத்தமாக ஆறி நான் பார்த்ததில்லை. அதில் எனக்குப் பெருமை, மறைப்பானேன்.

உப்புக்கும் ஊறுகாய்க்கும் தடை போட்டேன். களி தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்று அதையும் நிறுத்தினேன். களி இல்லாமல் எங்கள் பக்கத்து ஆளை உட்கார வைப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நர்ஸ் சொன்னால் சொன்னதுதான்.

போகாத ஊருக்கு ஏன் பாஷை படித்தாய் என்று நீங்கள் கேட்கலாம். ஆர்வம்தான். அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். அத்தையிடமே பாடத்தை ஒப்பிப்பேன். எங்கே வலிக்கிறது, ராத்திரி தூங்கினீர்களா என்று ஜெர்மனில் கேட்பேன். “இது என்னா பாஷ, தொண்டையில முள்ளு மாட்டினாப்புல!” என்பார்.

உறவுக்காரர்கள் இரண்டு கட்சி. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதனால் ஒரு கட்சி, “புள்ளையா குட்டியா, போனா என்னா?” என்றது. இன்னொரு கட்சி, “படுத்துக் கெடக்கற மாமியார வுட்டுட்டா?” என்றது. வீட்டுக்காரரிடம் எப்போது பேச்செடுத்தாலும், “அம்மாவ யாரு பாத்துக்கறது?” என்பதோடு முடித்துவிடுவார். அதற்கு மேல் நானும் கேட்க மாட்டேன். அந்தப் பதிலைக் கேட்டால் எனக்கு எரிச்சலும் வரும், நிம்மதியும் வரும். இரண்டும் சேர்ந்து ஏன் வருகிறது என்று யோசித்திருக்க வேண்டும். ஊரார் விஷயத்தில் இருக்கிற துப்பறியும் புத்தி சொந்த விஷயத்தில் வேலை செய்யவில்லை.

ஜெர்மனியில் வயதானவர்களுக்கான ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் எடுக்கப் பெங்களூருக்கே வருகிறார்கள், நேரில் வாருங்கள் என்று ஏஜென்சியிலிருந்து கூப்பிட்டார்கள். சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். ஒரு ராத்திரி தங்கல். அத்தை படுத்த பிறகு நான் வீட்டில் இல்லாத முதல் ராத்திரி அதுதான். வீட்டுக்காரர் மண்டிக்கு லீவு சொன்னார்.

கிளம்புகிற காலையில்தான் அது நடந்தது. எங்கள் வேலையில் ஷிப்ட் மாறும்போது ‘ஓவர் கொடுப்பது’ என்று ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்த நர்ஸும் வேலைக்கு வந்த நர்ஸும் கட்டிலின் கால்மாட்டில் நிற்போம். போகிறவள் சொல்வாள், வந்தவள் கேட்பாள். தூங்கினாரா, சிறுநீர் போனதா, என்ன சாப்பிட்டார், முதுகில் புண் இருக்கிறதா. புண் இருந்தால் துணியை விலக்கிக் காட்டியாக வேண்டும், வெறும் வாய்ப்பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். படுத்திருப்பவருக்கு எல்லாம் காதில் விழும். ஆனால் பேச்சு அவரைப் பற்றித்தான், அவரோடு இல்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரரைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தி நான் ஓவர் கொடுத்தேன்.

“ராத்திரி நல்லா தூங்கனாங்க. காலையில மோஷன் போயிட்டாங்க. கஞ்சி பாதிதான் உள்ள போச்சு. பிரஷர் பரவால்ல. திருப்பிப் படுக்க வெக்கிறத மறந்துடாதீங்க. இங்க பாருங்க, புண்ணு ஆறிடுச்சு, ஆனா தோலு இன்னும் மெலிசாத்தான் இருக்குது.”

சொல்லிக்கொண்டே அத்தையை ஒருக்களித்து, புடவையை விலக்கிக் காட்டினேன். வீட்டுக்காரர் சுவரைப் பார்த்தார். “அங்க என்னா பாக்கறீங்க, இங்க பாருங்க” என்று அதட்டினேன். அத்தையின் வலது கை பின்னால் வந்து துணியைப் பிடித்து இழுத்தது. குளிருகிறது போல என்று போர்வையை மூடிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பெங்களூரில் நேர்காணல் நன்றாகப் போனது. கேள்வி கேட்ட அம்மாள் தங்கள் வார்டின் படங்களைக் காட்டினார். கட்டில், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே மரம். எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் பிடிபட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆளே இல்லை. பாய் இல்லை, தூக்குப் போசி இல்லை, பிளாஸ்க் இல்லை. எங்கள் ஊரில் நோயாளி வந்தால் பெயரைக் கேட்கும் முன்பே “கூட யாரு வந்திருக்கீங்க?” என்று கேட்போம். கூட ஆள் இல்லாமல் அட்மிஷனே நகராது. “இவர்களோடு யார் இருப்பார்கள்? ராத்திரி கட்டிலுக்கு அடியில் யார் படுப்பார்கள்?” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். அந்த அம்மாள் கேள்வி புரியாமல் மறுபடி கேட்கச் சொன்னார். புரிந்ததும், “நீங்கள்தான் இருப்பீர்கள்” என்றார்.

அந்தப் பதில் என்னைக் கொக்கி போட்டு இழுத்தது. யாரும் கூட வராத ஒரு மனுஷர் அந்தக் கட்டிலில் எப்படி இருப்பார்? யாரைத் திட்டுவார்? சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் யார் மேல் தட்டைத் தள்ளுவார்? எனக்கு அந்த வார்டைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொன்னது பொய் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் எனக்கே தெரிந்தது. அங்கேயே என்னை எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருஷ ஒப்பந்தம். வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பினால் அத்தை பேசவில்லை. “எப்படி இருக்கீங்க அத்தை?” என்றால் பதில் இல்லை. “கஞ்சி குடிச்சீங்களா?” அதற்கும் இல்லை. பக்கவாதம் வந்தவர் திடீரென்று பேச்சை நிறுத்தினால் நர்ஸுக்கு ஒரே ஒரு நினைப்புத்தான் வரும். மறுபடியும் பக்கவாதமோ என்று. பையைக் கீழே போட்டுவிட்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

“அத்தை, எங்க, சிரிங்க பாக்கலாம்.”

என்னையே பார்த்தார்.

“ரெண்டு கையும் தூக்குங்க. முடிஞ்ச வரைக்கும் தூக்குங்க.”

வலது கை மேலே வந்தது. வந்த வேகத்தைப் பார்த்தால் சோதனைக்குத் தூக்கிய கையாகத் தெரியவில்லை. சட்டென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அடுத்த நொடி கன்னடம் கொட்டியது. வார்த்தை குழறவில்லை, வாய் கோணவில்லை. மூளையில் ஒன்றும் இல்லை என்று எனக்கு உயிர் வந்தது. அதன் பிறகுதான் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். கன்னடம் தீர்ந்து தமிழுக்கு வந்திருந்தார்.

“பெத்த மவன் முன்னாடி என் துணிய வெலக்கிக் காட்டறியே, நான் என்னா செத்த பொணமா? அவன் செவுத்தப் பாக்கறான், நீ இங்க பாரு இங்க பாருங்கற!”

எனக்கு முகம் சுட்டது. வார்டில் தினமும் செய்கிற காரியம். மகனுக்கும் நர்ஸுக்கும் வித்தியாசம் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

“அந்தப் புண்ண ஆற வெச்சது யாருங்க அத்தை?”

“நீதான். இல்லன்னு சொன்னனா? நல்லாத்தான் பாக்கற. உன்னாட்டம் பாக்க ஆளு கெடையாது. ஆனா இந்த வூட்டுக்கு நர்சு வந்த அன்னில இருந்து மருமவளக் காணோம். கால நீட்டு, கைய மடக்கு, வாயத் தொற. ஒரு பொழுதாவது ஒக்காந்து ஊருக் கத பேசியிருப்பியா எங்கூட?”

நான் கீழே கிடந்த பையை எடுத்து ஓரமாக வைத்தேன். அவர் விடவில்லை.

“நேத்து அவன் பாத்தான். கஞ்சியப் பாதி கழுத்துல ஊத்துனான். மாத்தரய மறந்துட்டு மத்தியானமா குடுத்தான். என் துணி மாத்தறதுக்குப் பக்கத்து வூட்டுக்காரியக் கூப்புட்டான். அவ வந்தா, மாத்துனா, அப்புறம் ஒக்காந்து அவ மருமவளத் திட்டிட்டுப் போனா. இவன் தக்காளி வெல எறங்கன கத, மண்டியில ஓட்டல்காரன் சண்ட போட்ட கத எல்லாம் சொன்னான். களியும் கெளறிக் குடுத்தான்.”

“களியா!” என்றேன்.

“துளித் துளியா உருட்டித்தான் குடுத்தான். எறங்குச்சு. நான் என்னா செத்தா போயிட்டேன்?” என்றவர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். குரல் இறங்கியது. “கேளு கண்ணு. என்னப் பாக்கறதுக்கு ஆளு கெடைக்கும். உன் அளவுக்கு இருக்காது, அதனால என்னா? நீ என்னையச் சாக்கு வெச்சு நிக்கற. அவன் என்னையச் சாக்கு வெச்சு உன்ன நிறுத்தறான். நாளைக்கு உனக்கு மனசு கசந்துச்சுன்னா யாரச் சொல்லுவ? என்னத்தான். போறதோ நிக்கறதோ நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. என் தலைய உருட்டாதீங்க.”

எனக்கு அழுகை வந்தது. பின்கட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். இத்தனை நாள் இடுப்பு ஒடியப் பார்த்ததற்கு இதுதான் மரியாதையா என்று ஒரு பக்கம் ஆத்திரம். ஆத்திரம் அடங்க அடங்க, என் பழைய குணம் தலை தூக்கியது. அத்தை என்னைப் பிடித்து வைக்கவில்லை. அந்த வார்டைப் பார்க்க ஆசையும் இருக்கிறது. பிறகு எது என் காலைக் கட்டியிருக்கிறது? யாருக்காக நிற்கிறேன்?

குடைந்து பார்த்தேன். விடை எனக்கே வெட்கமாக இருந்தது. “அம்மாவ யாரு பாத்துக்கறது?” என்று வீட்டுக்காரர் சொல்லும்போதெல்லாம், அதற்குப் பின்னால் இன்னொரு வார்த்தை வரும் என்று நான் காத்திருந்திருக்கிறேன். வந்ததே இல்லை. அவர் நல்ல மனுஷர். கெட்ட வார்த்தை பேசியதில்லை, கை நீட்டியதில்லை. குழந்தை இல்லை என்று யாராவது என்னைக் குத்தினால் அடுத்த விசேஷத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போக மாட்டார். ஆனால் வாயைத் திறந்து எனக்கு நீ வேண்டும் என்று ஒரு சொல் வந்ததில்லை. இந்த வீட்டுக்கு ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான் என்றுதான் இருந்தது. ஆள் தேவைப்படுகிற இடத்தில் நானும் ஒட்டிக்கொண்டு நின்றேன். போய்விட்டால் என் இடத்தில் இன்னொரு ஆள் வந்துவிடுவாள், அப்புறம் என்னை யாரும் தேட மாட்டார்கள். அந்தப் பயம்தான்.

மறுநாள் அவர் மண்டியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சோறு போடுவதற்கு முன்பே கேட்டேன்.

“அத்தையப் பாக்க ஆளு இருக்குதாம். அவுங்களே சொல்லிட்டாங்க. இப்ப சொல்லுங்க, நான் போவட்டுமா?”

சொம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “அங்க குளிரு தாங்குவியா?” என்றார்.

“தாங்குவன்.”

“சோத்துக்கு என்னா பண்ணுவ?”

“ஆக்கித் தின்னுவன்.”

“ஏஜென்சிக்காரன் ஏமாத்திட்டான்னா?”

“விசாரிச்சிட்டேன். ஏங்க, வேற எதுனா இருந்தா சொல்லுங்க. இதெல்லாம் ஊர்ல எல்லாரும் கேக்கறது.”

உள்ளே அத்தையின் கட்டில் கிரீச்சென்றது. காதை இந்தப் பக்கம் வைத்திருக்கிறார் என்று இருவருக்கும் தெரிந்தது. அவர் சொம்பைத் தொட்டி மேல் வைத்தார். வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தையே மறுபடி துடைத்தார்.

“நீ ட்யூட்டி முடிச்சு வர்ற பஸ்ஸு, ஸ்டேஷன் பக்கம் திரும்பறப்ப ஆரன் அடிக்கும்” என்றார். “நீளமா அடிப்பான் அந்த டிரைவரு. அம்மாவுக்குச் சோறு குடுத்துட்டு நான் வாசப்படியில ஒக்காந்திருப்பன். அந்த ஆரன் கேட்டாத்தான் எந்திரிச்சுப் போயி நம்ம ரெண்டு பேருக்கும் தட்டு எடுத்து வெப்பன். அதுக்கு முன்னாடி பசிக்கவே பசிக்காது. நீ போயிட்டா நான் எத்தக் கேட்டுக்கிட்டு எந்திரிக்கறது?”

தினமும் நான் வரும்போது இரண்டு தட்டு வைத்திருக்கும். அவருக்குப் பசி, அதனால் எடுத்து வைத்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் பக்கத்தில் வந்து, அழாதே என்றும் சொல்லாமல், தொடவும் தெரியாமல் நின்றார். உள்ளே கட்டில் மறுபடி கிரீச்சென்றது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து முகம் கழுவினேன். மனசு லேசாகிவிட்டிருந்தது. போனை எடுத்து, அவர் முன்னாலேயே ஏஜென்சிக்குக் கூப்பிட்டு, வருகிறேன் என்று சொன்னேன்.

அவர் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தார். “ஏம் புள்ள, இத்தினி நாளு ஒண்ணும் சொல்லாம இருந்தப்ப போவல. இன்னிக்கு வாயத் தொறந்து சொல்லிட்டேன், அதுக்கப்புறமும் போறன்னு சொல்றியே?”

“சொல்லிட்டீங்க இல்ல” என்றேன், “அதனாலதான் போறன்.”